படகில் ஏறும் குக்கரை யார் பார்ப்பது?

கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்துக்கும், கொழும்பு முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தின் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, சம்மாட்டிமாரே,

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் படகைப் பார்க்க வரும் உத்தியோகத்தர் எஞ்சின் இலக்கத்தைப் பார்க்கிறார். பதிவு இலக்கம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார். லைஃப் ஜாக்கெட்டை எண்ணுகிறார், ரேடியோவைப் பற்றிக் கேட்கிறார். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதே படகில், சுக்கான் பிடிக்கிற அறையான வீல்ஹவுஸின் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் காஸ் சிலிண்டரையும் அதன் குக்கரையும் யாரும் குனிந்து பார்த்ததை நான் இன்றுவரை கண்டதில்லை. மூன்று நாலு கிழமை ஆழ்கடலில் நிற்கப்போகும் ஐந்தாறு பேர், நாளுக்கு மூன்று தரமாவது நெருப்பு மூட்டுகிற இடம் அது. அவர்களுக்குக் கீழே இருப்பது எஞ்சின் ரூமும் டீசல் தாங்கியும்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். சிலிண்டர் படகில் எங்கே நிற்கிறது, அதிலிருந்து கசிகிற காஸ் எந்தப் பக்கம் போகும் என்பதை அனுமதிப்பத்திரப் பரிசோதனையில் ஒரு விடயமாகச் சேருங்கள். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அளுத்மாவத்தைப் பக்கம் குக்கர் திருத்துகிறவன். காஸ் குக்கரும் வரும், மண்ணெண்ணெய்க் குக்கரும் வரும். பாதி வீட்டுச் சாமான், பாதி படகுச் சாமான். படகுச் சாமானென்று நான் பிரித்துச் சொன்னாலும், கடலுக்கென்றே செய்த குக்கர் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் வீட்டில் பாவித்துப் பழசான இரண்டு பேர்னர் குக்கர்கள்தான். வீட்டுக்குப் புதுசு வாங்கியதும் பழசு படகேறிவிடும். ஹோஸும் அதோடு சேர்ந்து ஏறிவிடும்.

அண்மையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். கால் நான்கில் இரண்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, மரக்கட்டை வைத்து நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அது பரவாயில்லை, கட்டு நல்ல கட்டு. செம்மஞ்சள் நிற ஹோஸ் வெயிலில் வெளுத்து, விறைத்துப் போயிருந்தது. இரண்டு விரலால் மடித்தபோது மேற்பரப்பில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் திறந்தன. குக்கர் பக்கம் கிளிப் இல்லை. அதற்குப் பதிலாக, சூரைத் தூண்டிலுக்குக் கட்டுகிற கம்பியை இறுக்கி முறுக்கியிருந்தார்கள். அந்தக் கம்பி ரப்பரை வெட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. சவர்க்காரத் தண்ணீர் பூசி காஸைத் திறந்தேன். கம்பியைச் சுற்றி முழுக்க நுரை. கொண்டுவந்த தம்பி சொன்னார்: “அண்ணே, கடல்ல இதுவரைக்கும் மணக்கவே இல்லையே.” மணக்காதுதான். டீசலும் மீனும் எஞ்சின் புகையும் சேர்ந்த இடத்தில், காஸுக்குச் சேர்த்திருக்கிற மணம் என்ன செய்யும்? மூக்கும் ஒரு மணத்துக்குச் சீக்கிரமே பழகிவிடும்.

இதில் அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படகில் எஞ்சின் சம்மாட்டியுடையது. வலையும் தூண்டிலும் சம்மாட்டியுடையது. ஐஸ், டீசல், அரிசி, பருப்பு, காஸ் நிரப்பும் காசு எல்லாம் பொதுச் செலவு, மீன் விற்றதும் முதலில் கழிக்கிற கணக்கு. குக்கர் யாருடையது? பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஹோஸ் மாற்றும் காசு எந்தக் கணக்கில் போகும் என்று கேட்டால் ஆளுக்காள் முகத்தைப் பார்க்கிறார்கள். சொந்தக்காரன் இல்லாத சாமானைப் பார்க்க ஒரு சட்டம் வேண்டும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

காஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டில் பிழைத்துப்போகிற பல தவறுகள் படகில் பிழைக்கவிடாது.

நாங்கள் பாவிக்கிற சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கும். வீட்டில் அது தரையோடு படர்ந்து கதவடியால் வெளியேற ஓரளவாவது வழி உண்டு. படகு ஒரு சட்டி. அதில் இறங்கிய காஸ் இறங்கியதுதான். பலகை இடுக்கால், தளத்திலிருந்து கீழே இறங்கும் வாயின் மூடி ஓரத்தால், வயர் போகிற துவாரத்தால் எஞ்சின் ரூமுக்குப் போய் அடியில் கிடக்கும். மேலே காற்று அடித்துக்கொண்டிருப்பதால் தளத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

எவ்வளவு காஸ் போதும்? காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் கலவை. ஒரு கிலோ திரவக் காஸ் ஆவியானால் சுமார் அரைக் கன மீற்றர் வரும். எஞ்சின் ரூமின் அடித்தளம் மூன்று மீற்றருக்கு இரண்டு மீற்றர் என்று வைப்போம். அடியில் அரை மீற்றர் உயரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் மூன்று கன மீற்றர். அதில் நூற்றுக்கு இரண்டென்றால் அறுபது லீற்றர் ஆவி. நூற்றைம்பது கிராமுக்கும் குறைவான காஸ். வீட்டுக் குக்கரின் பெரிய பேர்னர் முழுதாகத் திறந்திருந்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 180 கிராம் எரிக்கும். ஆக, காற்றில் அணைந்துபோன ஒரே ஒரு பேர்னரை யாரும் கவனிக்காமல் விட்டால், வெளியேறுவதெல்லாம் கீழே இறங்கிச் சேரும் பட்சத்தில், முக்கால் மணித்தியாலத்தில் காரியம் முடிந்தது. பிறகு ஒருவன் தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சைத் தட்டுவான். அந்தப் பொறி போதும்.

கேத்தல் பொங்கி நெருப்பை அணைப்பதும், வாடைக்காற்று அணைப்பதும் படகில் அன்றாடம். சுவாலை அணைந்தால் தானாகக் காஸை நிறுத்துகிற சாதனம் பொருத்திய குக்கர்கள் உலகத்தில் உண்டு. பேர்னருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது சூடாக இருக்கும்வரைதான் வழி திறந்திருக்கும். இங்கே என் மேசைக்கு வருகிற மலிவுக் குக்கர்களில் அது இருப்பதில்லை. சம்மாட்டிமாரே, புதுக் குக்கர் வாங்கும் நாளில் கடைக்காரரிடம் அந்தக் கம்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி மூடியும் பூப்படமும் கடலில் உதவாது.

இனி, சிலிண்டர் நிற்கும் இடம். அது கட்டாயம் வெளியே, திறந்த தளத்தில் நிற்க வேண்டும். வீல்ஹவுஸுக்குள்ளேயோ, படுக்கிற இடத்திலோ, மீன் கிடங்கு மூடிக்குப் பக்கத்திலோ நிற்கக்கூடாது. மழைக்கும் உப்புக்கும் பயந்து உள்ளே வைக்கிறார்கள், விளங்குகிறது. அதற்குப் பெட்டி செய்யலாம். சின்னப் படகுகளின் காஸ் அமைப்புக்கென்றே ஐஎஸ்ஓ 10239 என்று ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது. அதன் சாரத்தை எங்கள் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: சிலிண்டர்ப் பெட்டி படகின் உட்பக்கத்தோடு தொடர்பில்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், மேலால் திறக்க வேண்டும், அடியில் ஒரு துவாரம் இருந்து கசிகிற காஸ் நேரே கடலுக்குப் போக வேண்டும். பிரிட்டனில் ஆறு, கால்வாய்களில் ஓடுகிற படகுகளை நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே இந்தத் துவாரத்தையும் பார்ப்பார்கள். அந்தப் படகுகள் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் ஓடுபவை. எங்கள் படகுகள் கரையை விட்டு நூற்றுக்கணக்கான மைல் போகின்றன.

பெட்டிக்கு வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம். மட்டக்குளிப் பக்கம் பைபர் வேலை செய்கிறவர்கள் மிச்சத் துணியிலும் ரெசினிலும் ஒரே நாளில் அடித்துத் தருவார்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்படி உள்ளே பட்டி கட்ட வேண்டும். இது சின்ன விடயமல்ல. சிலிண்டர் சாய்ந்து படுத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். குக்கரில் சுவாலை ஒரு முழம் எழும்பும். அலையில் உருண்டுபோன சிலிண்டரோடு சமைத்து, புருவம் கருகிக் கரைக்கு வந்தவரை எனக்குத் தெரியும். காஸ் முடிந்த சிலிண்டருக்கும் இதே இடம்தான். வெறுமை என்று நினைக்கிற சிலிண்டருக்குள் ஆவி இருக்கும், அதை உள்ளே படுக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொன்று, சாப்பாட்டுக் கடைகளில் கொத்துக்கல்லுக்குப் பூட்டுகிற உயர் அமுக்க ரெகுலேட்டரை வீட்டுக் குக்கருக்குப் பூட்டுவது. சோறு கெதியாக வேகும் என்று செய்கிறார்கள். அந்த அமுக்கத்துக்குக் குக்கரின் குழாயும் செய்யப்படவில்லை, சாதாரண ஹோஸும் செய்யப்படவில்லை. இதைக் கண்டால் நான் திருத்திக் கொடுப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன். பக்கத்துக் கடையில் போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் ஒருவன் மறுத்து ஒன்றும் ஆகாது.

2021 கடைசி மாதங்களை நினைத்துப் பாருங்கள். நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள். காரணம் தேட ஜனாதிபதி குழுவே நியமிக்கப்பட்டது. கலவையில் புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும் என்பது அப்போது தேத்தண்ணிக் கடைப் பேச்சாகவே ஆகிவிட்டது. அந்த நாட்களில் கொழும்பில் ஹோஸுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்காத வீடு குறைவு. என் கடையில் ஹோஸும் கிளிப்பும் வைத்தது வைத்தபடி விற்றுப்போனது. வாங்கியவர்களில் படகுக்காரர் அபூர்வம். வீட்டுக்குள் வந்த பயம் துறைமுகத்துக்கு வரவில்லை. கடலில் நடப்பதைத் தொலைக்காட்சி காட்டாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். காஸுக்குப் பயந்தவர்கள் போகும் இடம் அது. ஒரு விதத்தில் நியாயம். மண்ணெண்ணெய் ஊற்றுப்பட்டால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும், துடைக்கலாம். சாதாரண வெக்கையில் அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்காது. ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். ஆனால் கொழும்பு வெயிலில், தளத்தில் வெறுமையாகக் கிடக்கிற கேன் 38 பாகையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தொட்டால் கை சுடுகிற கேனை அடுப்புப் பக்கத்தில் திறப்பதை நிறுத்த வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து காக்கைதீவுக் கரையிலும் முகத்துவாரத்திலும் நிற்கிற சின்ன பைபர் படகுகளில் இருக்கிறது. அவற்றின் எஞ்சின் ஓடுவதே மண்ணெண்ணெயில். ஸ்டார்ட் பண்ணுவதற்குப் பெற்றோல், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆக ஒரே படகில் பெற்றோல் கேன் ஒன்று, ஒயில் கலந்த மண்ணெண்ணெய் கேன் ஒன்று, சுத்த மண்ணெண்ணெய் ஒன்று. எல்லாம் ஒரே வகைக் கேன், ஒரே புனல். இருட்டில் குக்கருக்கு ஊற்றுகிறவன் எதை ஊற்றுகிறான்? பெற்றோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும். புனலில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் பெற்றோல் மண்ணெண்ணெயோடு சேர்ந்தாலே அந்த 38 பாகைக் கணக்கு குலைந்துபோகும். திரிக் குக்கருக்குள் அப்படிப்பட்ட கலவை போனால் அது குக்கரல்ல.

ஒயில் கலந்த எண்ணெய் வேறு கதை. அது வெடிக்காது, ஆனால் திரியை அடைக்கும், புகைக்கும், மஞ்சளாக எரியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன்னரே ஷெட்டுகளில் வரிசை. அந்தக் காலத்தில் கடைக்கு வந்த குக்கர்களின் திரியைக் கழற்றினால், எஞ்சின் தாங்கியில் மிஞ்சியது, டீசல் கலந்தது, என்னவென்றே சொல்ல முடியாதது என்று எல்லாம் ஊறியிருந்தன. கருகிய திரி தார் போல விரலில் ஒட்டும். வறுமையில் செய்ததற்குச் சட்டம் பேசி என்ன பயன்? ஆனால் விலை கொஞ்சம் இறங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை.

சம்மாட்டிமாரே, இதற்கு ஒரு சல்லிச் செலவும் இல்லாத மருந்து உண்டு. குக்கர் எண்ணெய்க்கு வேறு உருவத்தில் ஒரு பாத்திரம் வையுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், இரவில் நிறம் தெரியாது. தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிய வேண்டும். எஞ்சின் கேன் சதுரமென்றால் இது உருண்டை. புனலும் தனி, அதை அந்தப் பாத்திரத்திலேயே கட்டிவிடுங்கள். குக்கர் எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஊற்ற வேண்டாம் என்பதை எல்லாரும் அறிவார்கள், பசி வந்தால் மறப்பார்கள். ஆகவே கரையிலேயே நிரப்பி, தாங்கியை முக்கால்வாசியோடு நிறுத்துங்கள். முழுதாக நிரப்பினால் அலையில் தளும்பித் திரியடிக்கு வரும்.

பம்பு அடித்து எரிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பைப் படகுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல சூடு தரும், காற்றுக்கும் நிற்கும். ஆனால் பேர்னர்த் தலையைப் போதுமான அளவு சூடாக்காமல் திறந்தால் ஆவிக்குப் பதில் எண்ணெய் பீச்சியடிக்கும், தீ ஆளுயரத்துக்கு எழும்பும். பழைய கைகளுக்கு அது பழக்கம். இன்றைய பையன்கள் அந்த அடுப்போடு வளர்ந்தவர்கள் அல்ல.

வெளிநாட்டுப் பாய்ப்படகுக்காரர் எரிசாராயத்தில் எரிகிற ஸ்பிரிட் அடுப்பை விரும்புகிறார்கள். அமுக்கம் இல்லை, வெடிக்காது, தண்ணீரோடு கலந்துவிடும் என்பது அவர்களின் நியாயம். சூடு மண்ணெண்ணெயின் முக்கால் பங்குகூட இல்லை, பகல் வெளிச்சத்தில் சுவாலையும் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதென்று தெரியாமல் மேலும் ஊற்றிச் சுட்டுக்கொள்வார்கள். இதையெல்லாம் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், எங்கள் படகுகளில் ஸ்பிரிட் ஏற்றவே கூடாது என்பது என் முடிவு. காரணம் நெருப்பல்ல. 2024 ஜூனில் தங்காலையிலிருந்து போன படகொன்றில், கடலில் மிதந்து வந்த போத்தல்களில் இருந்ததை மதுவென்று நம்பிக் குடித்தவர்கள் உயிரிழந்தார்கள். மெதனோல் கலந்த ஸ்பிரிட் கண்ணைக் குருடாக்கும், ஆளைக் கொல்லும். பல கிழமை கடலில் நிற்கிறவன் கைக்கெட்டும் இடத்தில் அந்தப் போத்தலை வைப்பது பாவம்.

டீசலில் எரிகிற கப்பல் அடுப்புகளும் குளிர்நாடுகளில் உண்டு, புகைபோக்கியோடு, அறையையும் சேர்த்துச் சூடாக்கும். வங்காள விரிகுடாவில் அது யாருக்கு வேண்டும்! மின்சார இன்டக்‌ஷனைப் பற்றி இளம் ஸ்கிப்பர்மார் கேட்கிறார்கள். 1500 வாட் குக்கருக்கு 12 வோல்ட் பற்றரியிலிருந்து 125 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆக வேண்டிய பற்றரியைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டு நடுக்கடலில் நிற்கப் போகிறீர்களா? அந்தக் காலத்துத் தோணிகளில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் விறகடுப்பு வைத்தார்கள். காற்று தாராளம், மணல் பக்கத்திலேயே. பைபர் படகில் அது சரிவராது, கரி அடுப்பும் சரிவராது.

கரியைச் சொன்னதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தென்மேல் பருவத்தில் மழை அடிக்கும்போது வீல்ஹவுஸை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே சமைக்கிறார்கள், அதே நெருப்பில் குளிர் காய்கிறார்கள். கரியோ எண்ணெயோ காஸோ, காற்றுப் போதாமல் எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, வாந்தி, கால் தளர்ச்சி. கடலில் இதற்கு எல்லாரும் சொல்வது “தலைச்சுற்று, கடல் பழக்கமில்லை”. பத்து வருடம் கடலுக்குப் போனவனுக்கு மூடிய அறைக்குள் சமைக்கும்போது மட்டும் தலைசுற்றினால், அவனை முதலில் வெளியே கொண்டுவாருங்கள். சுவாலை நீலமாக இருந்தால் பரவாயில்லை, மஞ்சளாகிப் பானையடி கறுத்தால் குக்கருக்கு வேலை இருக்கிறது. எப்படியானாலும் எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கட்டும்.

மாலை போய்க் காலை வருகிற சின்னப் படகுகளுக்கு நான் சொல்வது வேறு: குக்கரே வேண்டாம். இதைச் சொன்னால் என் வியாபாரத்துக்கு நட்டம், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு பேர், மூன்று பேர், பதினெட்டடிப் படகு, காலடியில் பெற்றோல் கேன். அங்கே பிளேன்டீக்காக நெருப்பு மூட்டுவது எதற்கு? நல்ல பிளாஸ்க் ஒன்றும் சோற்றுப் பார்சலும் பாணும் சம்பலும் போதும். திணைக்களம் இந்த அளவுப் படகுகளில் அடுப்பைத் தடை செய்தாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன், ஆனால் தடைக்கு முன் சங்கங்களோடு கதையுங்கள்.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. ஹோஸில் காஸ் எரிந்தால் சுவாலையை அணைக்க ஓடக்கூடாது. ரெகுலேட்டரை மூட வேண்டும். காஸை நிறுத்தாமல் நெருப்பை மட்டும் அணைத்தால், எரியாத காஸ் கீழே போய்ச் சேரும், அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே சிலிண்டருக்குக் கை எட்டும் வழி குக்கரைத் தாண்டிப் போகக்கூடாது. மண்ணெண்ணெய் எரிந்தால் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் தண்ணீரில் மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு போகும். நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடுங்கள், தூள் அணைப்பான் இருந்தால் அடியைப் பார்த்து அடியுங்கள். அந்த அணைப்பானை நான் பார்த்த படகுகளில் எங்கே மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? குக்கருக்கு நேர் மேலே. தீப்பிடித்தபின் அதை எடுக்க யார் கை நீட்டுவது? வாசல் பக்கம் மாட்டுங்கள்.

சமைத்து முடித்ததும் குக்கர்த் திருகை மூடாமல் முதலில் ரெகுலேட்டரை மூடுகிற பழக்கம் வர வேண்டும். ஹோஸுக்குள் மிஞ்சியது எரிந்து தானாக அணையும், அதன்பின் திருகு. ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இரவெல்லாம் கசிய ஒன்றுமிருக்காது. இதைக் கடதாசியில் அடித்து ஒட்டாதீர்கள், இரண்டு நாளில் உப்பில் கரைந்துவிடும். சிலிண்டர்ப் பெட்டியின் மூடியில் பெயின்ட்டால் சிங்களத்திலும் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரே படகில் இரண்டு பாஷைக்காரரும் போகிறார்கள், சமையல் யார் கைக்கும் வரும்.

ஐயா, இது நடைமுறைக்கு வராது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். பல ஆயிரம் படகு, யார் போய்ப் பார்ப்பது என்பார்கள். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனை நிறுத்தியது. அடுத்த வருடம் ஜூனில் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பலநாள் படகுகளுக்குள் கண்காணிப்புக் கருவி ஏறியது, பிடித்த மீனைப் பதிவு செய்யும் புத்தகம் ஏறியது, படகோட்டுகிற தண்டையல்மாரே பேனை பிடித்தார்கள். முடியாது என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. வாங்குகிறவன் கேட்டதால் முடிந்தது. இது அதில் நூறில் ஒரு பங்கு வேலை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுப்பது நீங்கள். அந்தப் பத்திரத்துக்கான பரிசோதனைப் படிவத்தில் சில வரிகள் கூடினால் போதும்: சிலிண்டர் வெளியே, நிமிர்ந்து, கட்டப்பட்டிருக்கிறதா, பெட்டியடித் துவாரம் கடலுக்குப் போகிறதா, ஹோஸ் இரண்டு வருடத்துக்குள் மாற்றியதா, இரு முனையிலும் துருப்பிடிக்காத கிளிப் இருக்கிறதா, குக்கர் எண்ணெய்க்குத் தனிப் பாத்திரம் உண்டா.

ஹோஸ், கிளிப் செலவு எந்தக் கணக்கில் என்பதையும் அந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில். சம்மாட்டிமார் கோபிக்க வேண்டாம், ஒரு தடவைக்கு ஏற்றும் ஐஸின் விலைக்கு முன் இது தூசு. படகு எரிந்தால் காப்புறுதிக்காரன் முதலில் கேட்கப்போவதும் நெருப்பு எங்கிருந்து வந்தது என்றுதான்.

தென்மேல் பருவத்தில் சின்னப் படகுகள் பல கரையேறி நிற்கும், பெரிய படகுகளும் திருத்த வேலைக்கு வரும். தொடங்குவதற்கு அந்த மாதங்கள்தான் நல்லது. முதலில் முகத்துவாரம் துறைமுகத்தில் மட்டும் செய்து பாருங்கள். உத்தியோகத்தர் வருகிற நாளை இரண்டு கிழமைக்கு முன் சங்கத்துக்கு அறிவித்தால், சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் கொஞ்சம் புது ஹோஸுமாக நானும் வந்து நிற்பேன். ஒரு படகுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. கூலி வேண்டாம், ஹோஸுக்குக் காசு வாங்குவேன்.

இப்படிக்கு,
முகத்துவாரத்தில் குக்கர் திருத்துகிறவன்
கொழும்பு 15